ஒரே கல்லூரி, இரண்டு வாசல்!



சென்ற ஆண்டு ஆவணி மாதத்து மாலை ஒன்றில், பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் நமது படிப்பகத்தின் படியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே மகளின் மதிப்பெண் பட்டியல் நகல் ஒன்று, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ரசீது ஒன்று. அசல் எங்கே என்று கேட்டேன். "அது காலேஜ்காரங்க கிட்ட இருக்குதுங்க தோழர்" என்றார்.

நடந்தது இதுதான். அவருடைய மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியிலே படித்தவள். அந்தக் குடும்பத்திலே பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை. தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் வீட்டு வாசலிலே ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கையிலே இனிப்புப் பெட்டி, வாயிலே இனிப்புப் பேச்சு. "உங்கள் மகளுக்கு இடம் தயார். இன்றைக்குப் பணம் கட்டினால் சலுகை. நாளைக்கு வந்தால் இடமே இல்லை" என்றார்கள். அப்பன் ஓடினார் தறி முதலாளியிடம். நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார். கட்டினார்.

விசைத்தறியில் முன்பணம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்கிய பணம் தீருகிற வரையில் தறியை விட்டு நகர முடியாது. பக்கத்துப் பட்டறையிலே நூறு ரூபாய் கூடுதலாகக் கூலி கொடுத்தாலும் போக முடியாது. மகளைத் தறியிலிருந்து விடுவிக்கத்தான் அவர் கல்லூரிக்கு அனுப்பினார். அனுப்பியதற்கு விலையாகத் தன்னைத் தறியோடு கட்டிக்கொண்டார்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆயிற்று. மகள் வீட்டுக்கு ஒரு கேள்வியோடு வந்தாள். அவளோடு ஒரே பெஞ்சிலே உட்காரும் பெண், கல்விக் கட்டணமாக ஒரு காசும் கட்டவில்லையாம்.

"அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்க. எம் புள்ளையும் கவர்மென்ட் ஸ்கூல்தானுங்க. அதோட அப்பனும் கூலிக்காரன். மார்க்கு கூட எம் புள்ளைக்குத்தான் நாலு சாஸ்திங்க. பின்ன எப்படிங்க தோழர்?"

எப்படி? ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு, ஒரே ஆசிரியர். ஆனால் அந்தக் கல்லூரிக்கு வாசல் இரண்டு.

ஒன்று, கலந்தாய்வு என்னும் வாசல். அரசாங்கம் நடத்துவது. சிறுபான்மையல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் நூற்றுக்கு 65 இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 இடங்களும் அந்த வாசல் வழியாகத்தான் நிரப்பப்பட வேண்டும். அரசாங்கப் பள்ளியிலே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு அந்த இடங்களிலே நூற்றுக்கு ஏழரை தனி ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-ல் வந்த சட்டம் அது. பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளப் படிப்புகளுக்கு 2021-ல் விரிவாயிற்று. அந்த ஒதுக்கீட்டிலே சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசாங்கமே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தனியார் கல்லூரியிலே சேர்ந்தாலும் அதே சலுகைதான்.

மற்றொன்று, நிர்வாக ஒதுக்கீடு என்னும் வாசல். அந்த வாசலுக்குத்தான் கார் இருக்கிறது, இனிப்புப் பெட்டி இருக்கிறது, ஆள் பிடித்துக் கொடுத்தால் தரகு இருக்கிறது. அந்த வழியாக நுழைந்துவிட்டால் ஏழரை விழுக்காடு இல்லை, முதல் பட்டதாரிச் சலுகை இல்லை, மத்திய அரசின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி ஆதிதிராவிட மாணவரின் உதவித்தொகைகூட இல்லை.

நமது தோழரின் மகளுக்கு முதல் வாசலிலே நுழைய எல்லாத் தகுதியும் இருந்தது. அவளைக் கை பிடித்து இரண்டாம் வாசலிலே தள்ளிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "கட்டுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"காலேஜ்காரங்க வூடு தேடி வந்தாங்க. கவர்மென்ட்ல இருந்து யாருங்க வந்தாங்க? நீங்கதான் வந்தீங்களா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடத்திலே பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

யார் திறந்த வாசல்?

மலிவான வாசல் ஒன்று இந்த மாநிலத்திலே இருக்கிறதென்றால் அது தானாகத் திறந்துகொண்டதல்ல. 1920-ல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு என்று தொடங்கிய காலத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ளித் திறந்த கதவு அது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் என்ற ஆணையை உச்சநீதிமன்றம் 1951-ல் செல்லாது என்றபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டே இந்திய அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் புறப்பட்டன. கல்வி கடைத்தெருவுக்கு வந்தது. நன்கொடை என்ற பெயரிலே இடங்கள் ஏலம் போனபோது, தலைக்கட்டு நன்கொடையைத் தடை செய்யும் சட்டம் 1992-ல் வந்தது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு என்ற தடையை 2006-ம் ஆண்டின் சட்டம் அகற்றியது. பட்டணத்திலே பயிற்சிக்குப் பணம் கட்டியவனுக்கு மட்டும் கதவு திறக்கும் நிலை போய், பள்ளி மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. மருத்துவத்துக்கு மட்டும் 2017 முதல் 'நீட்' என்ற சுவரை மறுபடி எழுப்பினார்கள். குடும்பத்திலே முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது.

இந்தப் பட்டியலிலே ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஊர்வலம் இருக்கிறது, சிறை இருக்கிறது, தடியடி இருக்கிறது. தந்தையர் திறந்துவைத்த கதவு. அதன் பக்கத்திலே நின்று வழி சொல்ல இன்று ஆள் இல்லை!

கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே 1904-ம் ஆண்டு ஒரு பையன் உதவித்தொகையோடு சேர்ந்தான். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் கைவிட்டான், தேர்விலே தவறினான், உதவித்தொகை போயிற்று. சம்பளம் கட்ட வீட்டிலே வழியில்லை. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டான். அவன் பெயர் ராமானுஜன். கடல் கடந்து அவன் எழுதிய கடிதத்துக்கு 1913-ல் பதில் வந்தது. உலகம் அவனை அறிந்தது. சம்பளம் கட்ட முடியாமல் திரும்பிப் போன மற்றப் பிள்ளைகளுக்கு எந்தக் கடிதம் வந்தது? அவர்கள் பெயரை யார் அறிவார்?

எந்த வாசல், என்ன விலை?

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. இந்தியச் சராசரி 28. பெருமைப்படுவோம். பெருமைப்பட்ட கையோடு கேட்போம்: சேராத பாதிப் பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளா, தறி ஓட்டுகிறவன் வீட்டுப் பிள்ளைகளா? ஆகையால், எந்த வாசலுக்கு என்ன விலை என்பதைத் தொழிலாளி அறிந்துகொள்ள வேண்டும். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, அரசு கலை அறிவியல் கல்லூரி. இந்த மாநிலத்திலே இப்படிப்பட்ட கல்லூரிகள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. கும்பகோணமும் கோவையும் சேலமும் நூற்றாண்டைக் கடந்தவை. பள்ளிபாளையத்துக் காரரைக் கேட்டால், பக்கத்திலே குமாரபாளையத்தில் ஒன்று. ஆற்றைத் தாண்டினால் ஈரோட்டில், அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சிக்கய்ய நாயக்கர் கல்லூரி. இங்கே பயிற்றுக் கட்டணம் என்று சம்பளம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம். விண்ணப்பத்துக்கு அண்மை ஆண்டுகளில் வாங்கியது ஐம்பது ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இரண்டே ரூபாய். சில டீயின் விலை கொடுத்தால் ஒரு பட்டத்தின் கதவைத் தட்டலாம்.

இரண்டாவது, அரசு உதவி பெறும் கல்லூரி. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. ஆகவே கட்டணம் குறைவு. ஆனால் எச்சரிக்கை! அதே மதில் சுவருக்குள்ளே, அதே பெயர்ப் பலகைக்குக் கீழே, சுயநிதிப் பிரிவு என்று இன்னொன்றும் நடக்கும். காலையிலே உதவி பெறும் பிரிவு, மாலையிலே சுயநிதிப் பிரிவு என்று இருக்கும். சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் மாறும். கட்டணமோ பல மடங்கு. "நல்ல பழைய காலேஜ், நம்பிச் சேர்த்தேன்" என்று சொல்லும் தகப்பன், எந்தப் பிரிவு என்று கேட்க மறந்துவிடுகிறான். விண்ணப்பத்தை நிரப்பும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?

மூன்றாவது, அரசு பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை சேரலாம். மூன்றாண்டிலே டிப்ளமோ. கையிலே தொழில். அதற்குப் பிறகும் ஆசையிருந்தால் பொறியியல் பட்டப்படிப்பிலே நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வீட்டிலே வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இது சுற்றுவழியல்ல; ஏறுவதற்கு வசதியான படிக்கட்டு.

நான்காவது, பொறியியல் கலந்தாய்வு. கணக்கு மதிப்பெண் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக இருநூறு. அந்த இருநூறில் வரும் தரத்தின்படி இடம். அரசு கல்லூரியும் அதிலே வரும், தனியார் கல்லூரியும் வரும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு 55,000 என்று வரம்பு கட்டியது. நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000. ஒரே பெஞ்சுக்கு இரண்டு விலை! கலந்தாய்வு இடத்திலும் ஏழரை விழுக்காட்டுப் பிள்ளைக்கு விலையே இல்லை; முதல் பட்டதாரிக்கு விலையிலே குறைவு. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதையும் நினைவிலே வையுங்கள். சான்றிதழை வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கலந்தாய்வு நாளன்று தாலுகா ஆபீஸ் வாசலிலே நின்று பயனில்லை.

இந்த நான்கு வாசலுக்கும் வெளியே, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பெரிய கோபுரங்கள் இருக்கின்றன. அவை மாநிலக் கலந்தாய்வுக்கு உட்பட்டவையல்ல. அங்கே போகிறவர் தமது பையின் கனத்தை அறிந்து போகட்டும்.

ரசீதிலே வராத செலவு

"சம்பளம் இல்லை, சரி. பஸ்ஸுக்கு? சோற்றுக்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்பு நிற்பது பல வேளை கல்லூரி ரசீதாலே அல்ல. ரசீதிலே வராத செலவாலே.

அரசு கல்லூரி மாணவருக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு. சாதாரண நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்தது. அரசாங்கப் பள்ளியிலே படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிற்று. ஆணுக்கும் அதே தொகை 2024 ஆகஸ்டில் வந்தது. பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்காக அரசாங்கம் நடத்தும் விடுதிகள் மாவட்டந்தோறும் உண்டு. 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார்கள். உணவும் இருப்பிடமும் இலவசம். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர் விடுதிகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்பது விதி. தூரக் கணக்கு பெண்களுக்கு இல்லை.

இவை பிச்சையல்ல. தீப்பெட்டி வாங்கும்போதும், சைக்கிள் டயர் வாங்கும்போதும் நீங்கள் கட்டுகிற வரிப்பணம். கொடுத்த பணத்தைக் கேட்டு வாங்குவதிலே வெட்கம் என்ன?

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அசல் சான்றிதழைக் கல்லூரியிலே விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதியே செய்திருக்கிறது. அசலைப் பிடித்துக்கொண்டால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது போல என்பது தரகனுக்குத் தெரியும். இரண்டு, கடன். வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் வங்கியிலே கல்விக் கடன் கேளுங்கள். நாலு லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. கந்துவட்டிக்காரனிடமும் தறி முதலாளியிடமும் பிள்ளையின் படிப்பை அடகு வைக்காதீர்கள்.

"கவர்மென்ட் காலேஜா?"

அரசாங்கக் கல்லூரி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். "அங்கே வாத்தியார் இல்லையே" என்கிறார்கள். மூடி மறைக்க மாட்டேன், அந்தக் குறையிலே உண்மை உண்டு. பல ஆயிரம் பேர் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரிலே ஆண்டுக் கணக்காக வேலை செய்கிறார்கள். பெயரிலேதான் கௌரவம். நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலை, ஆனால் ஒரு பங்கு ஊதியம். அடுத்த ஆண்டு உண்டா என்ற நிச்சயமில்லை. ஆய்வுக்கூடத்திலே கருவி பழசு. விடுதியிலே ஒரு அறைக்கு வரம்புக்கு மேல் ஆட்கள்.

இதற்கு மருந்து என்ன? குறை இருக்கிறது என்று சொல்லி ஓடிப்போவதா? நம்முடைய வீட்டிலே ஓடு ஒழுகினால் ஓட்டை மாற்றுகிறோமா, வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறோமா? வசதியுள்ளவன் பிள்ளை வெளியேறிவிட்டால் அங்கே குரல் கொடுக்க ஆளில்லை. நம் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். நாம் வாசலிலே நின்று குரல் கொடுக்க வேண்டும். காலியிடத்தை நிரப்பு! விடுதியைப் பெருக்கு! விரிவுரையாளருக்கு வேலையை உறுதி செய்! ஆட்சியிலே யார் இருந்தாலும் கேட்போம். நம்மவர் இருந்தால் உரிமையோடு கேட்போம், மாற்றார் இருந்தால் உரத்துக் கேட்போம்.

கேட்டால் கிடைக்குமா? சிதம்பரத்தைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசாங்கம் தன் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரியிலே கட்டணம் மட்டும் தனியார் விலையிலேயே நின்றது. ஏனைய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பதினாலாயிரத்துக்குள் கட்டியபோது, இங்கே ஐந்து லட்சத்துக்கு மேல்! 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பொங்கலும் போராட்டப் பந்தலில்தான் கழிந்தது. ஐம்பது நாட்களைத் தாண்டிற்று. 2021-ன் தொடக்கத்தில் அரசாங்கம் இறங்கி வந்தது. கல்லூரி சுகாதாரத் துறையின் கீழே போயிற்று. கட்டணம் ஏனைய அரசு கல்லூரிகளின் அளவுக்கு இறங்கிற்று. கட்டணம் என்பது கடவுள் எழுதியதல்ல. மனிதன் எழுதியது, மனிதன் மாற்றக்கூடியது.

நமது வேலை

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

தேர்தல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாக்காளர் பட்டியலை வரிவரியாக மனப்பாடம் செய்கிறோம். எந்தத் தெருவிலே எத்தனை ஓட்டு, எந்த வீட்டிலே யார் வெளியூர், எந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், எல்லாம் விரல் நுனியிலே இருக்கிறது. அதே தெருவிலே இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர்? கேட்டால் விழிக்கிறோம். தரகனுக்குத் தெரிகிறது, பெயர் தெரிகிறது, மதிப்பெண் தெரிகிறது, அப்பனுடைய போன் நம்பர் தெரிகிறது. நமக்குத் தெரியவில்லை! ஓட்டுக் கேட்க ஐந்து முறை ஏறிய படியிலே, பிள்ளையின் படிப்பைக் கேட்க ஒரு முறை ஏறினோமா?

ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் சொல்கிறேன். சித்திரையிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தெரு வாரியாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். பத்தாம் வகுப்பையும் விடாதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளிதானா என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்திலே வாங்கச் சொல்லுங்கள். தேர்வு முடிவு வரும் நாளிலே படிப்பகத்தின் கதவு விடிகாலையிலே திறந்திருக்கட்டும். கணினி தெரிந்த இளைஞர் இருவரை அங்கே உட்கார வையுங்கள். விண்ணப்பம் போட அவர்கள் உதவட்டும். ஒரு காசு வாங்கக் கூடாது. அரசு கல்லூரிக்கும் கலந்தாய்வுக்கும் ஒருங்கே விண்ணப்பம் போடட்டும். ஒன்று தவறினால் மற்றொன்று இருக்கும். முதல் சுற்றிலே இடம் கிடைக்காத பிள்ளைக்கு, துணைக் கலந்தாய்வு இருக்கிறது என்று சொல்ல மறக்காதீர்கள். அந்தத் தவிக்கும் நாட்களிலேதான் கார் மறுபடியும் வரும்.

இது சேவைச் சங்கத்தின் வேலை, அரசியல் இயக்கத்துக்கு எதற்கு என்று கேட்கும் தோழர் இருப்பார். அவருக்குச் சொல்கிறேன். உரிமையைச் சட்டமாக்குவது பாதி அரசியல். அந்தச் சட்டத்தை உழைப்பாளியின் வீட்டுத் திண்ணை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. மறுபாதியைச் செய்யாவிட்டால், நாம் போராடிப் பெற்ற இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்திலே நம் பிள்ளை கடன் வாங்கிப் பணம் கட்டிக்கொண்டிருக்கும். பள்ளிபாளையத்திலே நடந்தது அதுதான்.

அந்தத் தோழருக்கு நாங்கள் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கல்லூரிக்கு நான்கு பேர் போனோம். விதியை எடுத்துக் காட்டினோம். அசல் சான்றிதழ் திரும்பி வந்தது. கட்டிய பணம் வரவில்லை. கலந்தாய்வு முடிந்து போயிருந்தது, வாசல் அடைபட்டுவிட்டது. மகள் அங்கேயே படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். அப்பன் அதே தறியிலே நிற்கிறார். கடன் இன்னும் தீரவில்லை.

அவருக்கு ஒரு மகனும் இருக்கிறான். வருகிற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறான். அவன் பெயர் எங்கள் கிளை நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியிலே இருக்கிறது.

உங்கள் தெருவிலேயும் அப்படி ஒருவன் இருப்பான். தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் கார் வரும். நீங்கள் இரண்டாம் நாளே போய்விடுங்கள்!